16 கோர் வாங்கியும் புரோகிராம் ஏன் வேகமாகவில்லை? மல்டிகோர் ப்ராசஸரை அளக்கும் முறை

கேள்வி இதுதான்: 8 கோர் (ப்ராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பிரிவு) கணினியிலிருந்து 16 கோர் கணினிக்கு மாறியிருக்கிறீர்கள். பெஞ்ச்மார்க் என்ற வேகச் சோதனையின் ஸ்கோர் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது. ஆனால் நீங்கள் தினமும் ஓட்டும் சொந்த புரோகிராமின் நேரம் கால்வாசிகூடக் குறையவில்லை. ஸ்கோர் பொய்யா, புரோகிராம் மோசமா, அளந்த முறையே தப்பா?

மூன்றும் இல்லாமல் இருக்கலாம். ஸ்கோர் ஒரு கேள்விக்கு விடை சொல்கிறது, நீங்கள் வேறொன்றைக் கேட்கிறீர்கள். ஒற்றை கோர் காலத்தில் இந்த இடைவெளி பெரிதாகத் தெரியவில்லை. புது ப்ராசஸர் வந்தால் கிளாக் (விநாடிக்கு எத்தனை துடிப்பு என்ற வேகம்) ஏறும். பழைய புரோகிராம் ஒரு வரிகூட மாறாமல் வேகமாக ஓடும். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் மின்னழுத்தத்தையும் கூடவே குறைக்கலாம் என்ற சௌகரியம் தீர்ந்துபோனதும் வெப்பம் தாங்கமுடியாமல் போய், கிளாக் ஏற்றம் நின்றது. 2001-இல் ஐபிஎம் தன் பவர்4 சில்லில் இரண்டு கோர்களை வைத்தது. 2005-இல் இன்டெலும் ஏஎம்டியும் அதை மேசைக் கணினிக்கே கொண்டுவந்தன. அதன்பிறகு "இந்த ப்ராசஸர் எவ்வளவு வேகம்?" என்பதற்கு ஒற்றை எண்ணால் பதில் சொல்ல வழியில்லை. பதில் ஒரு வளைகோடு. 1 கோரில் எவ்வளவு நேரம், 2-இல் எவ்வளவு, 4-இல், 8-இல், 16-இல் என்று வரைந்து, அது எங்கே வளைகிறது, எதனால் வளைகிறது என்று பார்க்கவேண்டும். விஷயம் முழுக்க அந்த வளைவில்தான் இருக்கிறது.

முதலில் ஸ்கோரின் கதை. பத்துப் பேர் ஆளுக்கொரு மாலை கட்டுவது ஒன்று. பத்துப் பேர் கூடி ஒரே மாலையைச் சீக்கிரம் கட்டி முடிப்பது வேறு. முதலாவதில் பத்து மடங்கு பலன் தானாக வரும். இரண்டாவதில் நாருக்கு இருப்பதே இரண்டு முனை. ப்ராசஸர் அளவீட்டில் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்திருப்பது ஸ்பெக் என்ற அமைப்பு. 1988-இல் தொடங்கியது. அதன் சிபியூ 2017 தொகுப்பில் 43 பெஞ்ச்மார்க்குகள் உண்டு. 'ஸ்பெக்ரேட்' பிரிவு ஒரே புரோகிராமின் பல நகல்களை ஒரே சமயத்தில் ஓடவிட்டு, மொத்தம் எவ்வளவு வேலை முடிந்தது என்று பார்க்கிறது. நகல்களுக்குள் பேச்சுவார்த்தை எதுவும் கிடையாது. 'ஸ்பெக்ஸ்பீட்' பிரிவு ஒரு நகலை மட்டும் ஓட்டி, அது எவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்று பார்க்கிறது. கோர்களை இரட்டித்தால் ரேட் எண் அழகாக ஏறும், ஸ்பீட் எண் அசையாமலே இருக்கலாம். இதில் முரண் ஒன்றும் இல்லை. ரேட் ஓட்டத்தில் ஒவ்வொரு நகலும் சுமார் 2 ஜிபி ரேம் கேட்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். 16 நகலுக்கு 32 ஜிபி வேண்டும். ரேம் பற்றாமல் தகவல் டிஸ்க்குக்கு இடம்மாற (ஸ்வாப்) ஆரம்பித்தால் நீங்கள் அளப்பது ப்ராசஸரையே அல்ல.

வீட்டுக் கணினிகளில் புழங்கும் பெஞ்ச்மார்க்குகளிலும் இதே பிரிவினை ஒளிந்திருக்கிறது. சினிபெஞ்ச் ஒரு படத்தைச் சிறு சதுரங்களாக வெட்டி ரெண்டர் செய்கிறது. ஒரு சதுரத்துக்கும் இன்னொன்றுக்கும் அதிகம் சம்பந்தமில்லை, அதனால் கோர் கூடக்கூட ஸ்கோர் ஏறிக்கொண்டே போகும். கீக்பெஞ்ச் 5-இன் மல்டிகோர் பகுதி ஒவ்வொரு கோருக்கும் தனித்தனி வேலை கொடுத்தது. 2023-இல் வந்த கீக்பெஞ்ச் 6 அதை மாற்றி, எல்லா கோர்களும் ஒரே வேலையைப் பங்கிட்டுச் செய்யும்படி வைத்தது. கோர் அதிகமுள்ள ப்ராசஸர்களின் மல்டிகோர் மதிப்பு ஒற்றைக்கோர் மதிப்பைப்போல் எத்தனை மடங்கு என்ற விகிதம் இதனால் சரிந்தது. சிலருக்குக் கோபம். எனக்கு அது நியாயமான மாற்றமாகவே படுகிறது, ஏனென்றால் மேசைக் கணினியில் பெரும்பாலோர் காத்திருப்பது ஒரு வேலை முடிவதற்காகத்தான். வீடியோ ரெண்டர் செய்பவருக்கு வேண்டுமானால் பழைய எண்ணே பொருத்தமாக இருக்கும்.

ஒரே வேலையைப் பங்கிடும்போது மேல்வரம்பு எது என்பதை ஐபிஎம்மின் ஜீன் ஆம்டால் 1967-லேயே சொல்லிவிட்டார். புரோகிராமில் பிரிக்கமுடியாத பகுதி 5 சதவீதம் என்றால், எத்தனை கோர் போட்டாலும் 20 மடங்குக்கு மேல் வேகம் கூடாது. 8 கோரில் 5.9 மடங்கு, 16 கோரில் 9.1 மடங்கு, அவ்வளவுதான். (வேடிக்கை என்னவென்றால், ஆம்டால் விதி என்று எல்லோரும் எழுதும் சூத்திரம் அவருடைய கட்டுரையில் கிடையாது. அவர் வாதத்தை வாக்கியங்களிலேயே நடத்தியிருப்பார்.) 1988-இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் ஜான் குஸ்டாஃப்சன் இதற்கு ஒரு மறுபக்கம் காட்டினார். 1024 ப்ராசஸர்கள் கொண்ட இயந்திரத்தில் 1000 மடங்குக்கும் மேல் வேகம் வந்தது. கோர் கூடினால் யாரும் அதே சின்னக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கமாட்டார்கள், பெரிய கணக்கைப் போடுவார்கள் என்பது அவர் வாதம். அதனால் அளக்கும்முன் தீர்மானிக்கவேண்டியது ஒன்று: வேலையின் அளவை மாற்றாமல் கோரைக் கூட்டுகிறீர்களா, கோருக்கு ஏற்ப வேலையையும் கூட்டுகிறீர்களா? முன்னதை வலுவான ஸ்கேலிங் என்றும் பின்னதைத் தளர்வான ஸ்கேலிங் என்றும் வைத்துக்கொள்ளலாம். எது என்று குறிப்பிடாமல் வரைந்து காட்டப்படும் வரைபடத்தை நான் நம்புவதில்லை.

இனி வளைகோட்டைப் படிப்பது எப்படி என்று பார்ப்போம். கணக்குப் போட வசதியாக நானே சில எண்களை வைக்கிறேன். ஒரு புரோகிராம் 1 கோரில் 120 விநாடி எடுக்கிறது. 2 கோரில் 63, 4 கோரில் 35, 8 கோரில் 22, 16 கோரில் 17. வேக மடங்கு முறையே 1.9, 3.4, 5.5, 7.1. கோர் எண்ணிக்கையால் வகுத்தால் திறன் 95 சதவீதத்தில் தொடங்கி 44 சதவீதத்துக்கு இறங்குகிறது. பலரும் இங்கேயே நிறுத்திவிட்டு "ஆம்டால் விதி, என்ன செய்வது" என்று கையை விரிப்பார்கள். அவசரப்படவேண்டாம். 1990-இல் ஆலன் கார்ப், ஹொரேஸ் ஃப்ளாட் இருவரும் ஒரு எளிய கணக்கைத் தந்தார்கள். வேக மடங்கின் தலைகீழிலிருந்து கோர் எண்ணிக்கையின் தலைகீழைக் கழியுங்கள். 1-இலிருந்து கோர் எண்ணிக்கையின் தலைகீழைக் கழித்து, முதலில் வந்ததை இதனால் வகுங்கள். கிடைப்பது அந்த ஓட்டத்தில் பிரிக்கமுடியாததுபோல் நடந்துகொண்ட பங்கு.

நம் எண்களில் போட்டுப் பாருங்கள். 2 கோரில் 5 சதவீதம், 4-இல் 5.6, 8-இல் 6.7, 16-இல் 8.4. உண்மையிலேயே பிரிக்கமுடியாத பகுதி மட்டும்தான் பிரச்சினை என்றால் இந்த எண் மாறாமல் 5-இலேயே நின்றிருக்கும். 16 கோரில் 13 விநாடியில் வேலை முடிந்திருக்கும். 17 ஆகிறது. கோர் கூடும்போதெல்லாம் கூடவே வளரும் ஏதோ ஒரு செலவு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். மல்டிகோர் அளவீட்டில் எனக்குத் தெரிந்து இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு சொல்லும் கணக்கு வேறில்லை. கணினிச் செயல்திறன் ஆய்வாளர் நீல் கன்தர் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். வரிசையில் காத்திருக்கும் செலவு ஒன்று, கோர்கள் ஒன்றோடொன்று தகவலை ஒத்திசைத்துக்கொள்ளும் செலவு இன்னொன்று. இரண்டாவது செலவு ஜோடிகளின் எண்ணிக்கையோடு வளர்வதால் வளைகோடு தட்டையாவதோடு நிற்காது. உச்சியைத் தொட்டுக் கீழே இறங்கும். 12 த்ரெட்டில் (ஒரே புரோகிராமுக்குள் தனித்தனியாக ஓடும் வேலை இழை) ஓடியதைவிட 16 த்ரெட்டில் மெதுவாக ஓடும் புரோகிராம்கள் அபூர்வம் அல்ல.

கோர் கூடும்போது வளரும் அந்தச் செலவு எது?

முதல் சந்தேகம் கிளாக் மேல். இன்றைய ப்ராசஸர் ஒரு கோர் மட்டும் ஓடும்போது தனி வேகத்தில் ஓடும், எல்லா கோரும் ஓடினால் இறங்கிக்கொள்ளும். ஒற்றை கோருக்கு 5 கிகாஹெர்ட்ஸ், எல்லாவற்றுக்கும் 4 என்று வையுங்கள். துளிக்கூடக் குறையில்லாத புரோகிராம்கூட 8 கோரில் 6.4 மடங்குதான் காட்டும். கார்ப்-ஃப்ளாட் கணக்கு இதை 3.6 சதவீதம் பிரிக்கமுடியாத பகுதி என்று காட்டிப் புரோகிராம்மீது பழி போடும். எனவே ஒவ்வொரு ஓட்டத்திலும் உண்மையான கிளாக்கைப் பதிவு செய்யுங்கள். ஆய்வுக்காக என்றால் டர்போவை (கிளாக்கைத் தற்காலிகமாக ஏற்றும் வசதியை) அணைத்துவிட்டு அளக்கலாம். வாங்குவதற்காக என்றால் அணைக்கக்கூடாது, ஏனென்றால் நீங்கள் காசு கொடுப்பது டர்போவுக்கும் சேர்த்துத்தான். மின்சாரமும் இதே கணக்கில் வரும். 2021-இல் வந்த இன்டெல் கோர் ஐ9-12900கே-யின் அடிப்படை மின்வரம்பு 125 வாட், உச்சவரம்பு 241 வாட். எந்த வரம்பில், எந்தக் குளிரூட்டியோடு, எத்தனை நிமிடம் ஓட்டினீர்கள் என்று சொல்லாத ஸ்கோர் அரைத் தகவல். மடிக்கணினியில் முதல் 30 விநாடியின் வேகமும் பத்தாவது நிமிடத்தின் வேகமும் இரண்டு தனித்தனி ப்ராசஸர்களுடையவை போலவே இருக்கும்.

அதே 12900கே-யை வைத்தே இரண்டாவது விஷயத்தையும் சொல்லிவிடலாம். அதில் 16 கோர். ஆனால் 8 பெரியவை, 8 சிறியவை. பெரியவற்றில் மட்டும் ஒரு கோர் ஒரே சமயத்தில் இரண்டு த்ரெட்டை ஓட்டும் என்பதால் இயங்குதளம் 24 என்று காட்டும். இந்த இடத்தில் "கோருக்கு எவ்வளவு" என்ற வகுத்தலே பொருளிழந்துபோகிறது. எதை ஒன்று என்று எண்ணுவது? கைப்பேசி ப்ராசஸர்கள் ஆர்ம் நிறுவனத்தின் பிக்.லிட்டில் அமைப்பு வந்ததிலிருந்தே இப்படித்தான். வளைகோடு வரையும்போது முதலில் பெரிய கோர்கள், பிறகு சிறியவை, கடைசியில் இரட்டை த்ரெட்டுகள் என்று வரிசையாக நிரப்புங்கள். லினக்ஸில் எந்த எண் எந்த கோரின் த்ரெட் என்பதை எல்எஸ்சிபியூ கட்டளை சொல்லும்; டாஸ்க்செட் கொண்டு புரோகிராமை அந்தந்த கோரில் கட்டிப்போடலாம். கட்டிப்போடாமல் அளந்தால் இரண்டு த்ரெட்டுகள் ஒரே கோரில் போய் உட்கார்ந்திருக்கும், பக்கத்துக் கோர் சும்மா இருக்கும், நீங்கள் புரோகிராமைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஆனால் உங்கள் விஷயத்தில் எனக்கு அதிகச் சந்தேகம் நினைவகத்தின் மேல்தான். கோர்கள் இரட்டிப்பாகின்றன, ரேமுக்குப் போகும் பாதை இரட்டிப்பாவதில்லை. டிடிஆர்4-3200 ரேம் இரண்டு சேனலில் (ப்ராசஸருக்கும் ரேமுக்கும் இடையிலான தனிப்பாதை) இருந்தால் அதிகபட்சம் விநாடிக்கு 51.2 ஜிபி, கோர் 8 ஆனாலும் 16 ஆனாலும். இதை அளக்கவே ஜான் மெக்கால்பின் உருவாக்கியது ஸ்ட்ரீம் என்ற சிறிய பெஞ்ச்மார்க். அதன் டிரையட் பகுதி இரண்டு எண்வரிசைகளை எடுத்து, ஒன்றை ஒரு எண்ணால் பெருக்கி, மற்றதோடு கூட்டி, மூன்றாவது எண்வரிசையில் எழுதும். ஒவ்வொரு படியிலும் இரண்டே கணக்கு. நகர்வதோ 24 பைட். 51.2 ஜிபி பாதையில் இது விநாடிக்குச் சுமார் 430 கோடிக் கணக்குகளைத் தாண்டமுடியாது. ஒரே ஆணையில் பல எண்களைக் கையாளும் ஏவிஎக்ஸ்2 வசதியுள்ள ஒரு 8 கோர் ப்ராசஸர், ஒரு கோருக்கு, ஒரு கிளாக்குக்கு 16 கணக்கு வீதம் 4 கிகாஹெர்ட்ஸில், ஏட்டளவில் விநாடிக்கு 51,200 கோடிக் கணக்கு போடவல்லது. ஒரு சதவீதம்கூடப் பயன்படவில்லை! இந்த நிலையில் இன்னும் 8 கோர் சேர்த்து என்ன ஆகப்போகிறது? ஸ்ட்ரீமை ஓட்டும்போது ஒவ்வொரு எண்வரிசையும் மொத்தக் கேஷைப்போல் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்) நான்கு மடங்காவது பெரிதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் அளப்பது ரேமை அல்ல, கேஷை.

ஒரு பைட் நகர்வுக்கு எத்தனை கணக்கு என்பதை ஒரு அச்சிலும், எட்டிய வேகத்தை மறு அச்சிலும் வைத்து வரைவதுதான் வில்லியம்ஸ், வாட்டர்மேன், பேட்டர்சன் மூவரும் 2009-இல் தந்த ரூஃப்லைன் மாதிரி. உங்கள் புரோகிராம் சாய்ந்த கூரையின் கீழே இருக்கிறதா (பாதைதான் தடை), தட்டையான கூரையின் கீழே இருக்கிறதா (கணக்குப் போடும் திறன்தான் தடை) என்று ஒரே பார்வையில் தெரியும். உலக அளவிலும் இதே கதைதான். ஜப்பானின் கோபே நகரில் உள்ள ஃபுகாகு சூப்பர் கணினியில் ஜிபியூ (கிராஃபிக்ஸ் ப்ராசஸர்) கிடையாது, முழுக்க 48 கணக்கீட்டுக் கோர் ஆர்ம் ப்ராசஸர்கள்தான். உலகின் வேகமான 500 சூப்பர் கணினிகளின் டாப்500 பட்டியலுக்கான லின்பேக் அளவீட்டில் அது 442 பெட்டாஃப்ளாப்ஸ் (ஒரு பெட்டாஃப்ளாப்ஸ் என்றால் விநாடிக்குப் பத்துக் கோடி கோடிக் கணக்கு) காட்டியது. நினைவகத்தை அதிகம் சார்ந்த ஹெச்பிசிஜி அளவீட்டில் 16. ஒரே இயந்திரம், 28 மடங்கு வித்தியாசம். நினைவகப் பாதையை மனதில் வைத்தே கட்டப்பட்ட இயந்திரத்துக்கே இந்தக் கதி.

இன்னொரு கள்ளன் உண்டு, புரோகிராம் வரிகளில் கண்ணுக்குத் தெரியமாட்டான். கேஷ் தகவலை ஒற்றை பைட்டாக அல்ல, பெரும்பாலான கணினிகளில் 64 பைட் துண்டுகளாகக் கையாள்கிறது. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனிக் கவுண்ட்டர் வைத்திருப்பீர்கள். பகிர்வு இல்லை, லாக் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் அனுமதிக்கும் பூட்டு) இல்லை. ஆனால் அந்தக் கவுண்ட்டர்கள் நினைவகத்தில் அடுத்தடுத்து ஒரே 64 பைட்டுக்குள் இருந்தால், ஒரு கோர் எழுதும்போதெல்லாம் மற்ற கோர்களின் கேஷில் உள்ள நகல் செல்லாததாகிவிடும். துண்டு கோருக்கு கோர் ஓடிக்கொண்டே இருக்கும். லினக்ஸின் பெர்ஃப் கருவியில் சி2சி என்ற வசதி இதைப் பிடித்துக் கொடுக்கும். கவுண்ட்டர்களை 64 பைட் தள்ளி வைத்தாலே போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ப்ராசஸர் பயன்பாட்டைக் காட்டும் டாப் கட்டளையில் 1600 சதவீதம் என்று வந்தால் 16 கோரும் உழைக்கின்றன என்று நினைக்காதீர்கள். ரேமிலிருந்து தகவல் வரக் காத்திருக்கும் கோரும் அங்கே "பிஸி"தான். லாக் திறக்கிறதா என்று சுற்றிச்சுற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும் த்ரெட்டும் அப்படியே. பின்னது இன்னும் மோசம், ஏனென்றால் அந்தச் சுற்று மிக வேகமாக ஓடி, ஒரு கிளாக்குக்கு எத்தனை ஆணை என்ற ஐபிசி எண்ணையும் உயர்த்திக் காட்டும். பல த்ரெட் வேலைகளுக்கு ஐபிசியை அளவுகோலாக வைக்காதீர்கள் என்று அலமெல்தீனும் வுட்டும் 2006-லேயே எழுதினார்கள். கடைசியில் நம்பத்தக்கது சுவர்க்கடிகார நேரம்தான்: வேலை தொடங்கியது எப்போது, முடிந்தது எப்போது.

அந்த நேரத்தையும் ஒருமுறை அளந்துவிட்டு நம்பக்கூடாது. 2009-இல் மைட்கோவிச்சும் உடனிருந்தோரும் காட்டியது சற்றுக் கலக்கமானது. யூனிக்ஸ் சூழல் மாறிகளின் மொத்த நீளம், புரோகிராமின் துண்டுகளை இணைக்கும் (லிங்க்) வரிசை போன்ற, புரோகிராமுக்குச் சம்பந்தமே இல்லாதவை மாறினால்கூட, கம்பைலர் (புரோகிராமை இயந்திர ஆணைகளாக மாற்றும் மென்பொருள்) செய்யும் ஒரு ஆப்டிமைசேஷன் (வேகமாக்கும் மாற்றம்) பலன் தருகிறதா இல்லையா என்ற முடிவே தலைகீழாகலாம். ஆகவே பலமுறை ஓட்டி, நடுமதிப்பையும் அதன் சிதறலையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டு ப்ராசஸர்களுக்கிடையே 2 சதவீத வித்தியாசம், ஒரே ப்ராசஸரின் இரண்டு ஓட்டங்களுக்கிடையே 3 சதவீத வித்தியாசம் என்றால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பல பெஞ்ச்மார்க்குகளின் விகிதங்களைச் சுருக்கும்போது சாதாரண சராசரி வேண்டாம், பெருக்கல் சராசரி (எல்லாவற்றையும் பெருக்கி, எண்ணிக்கைக்கேற்ற மூலம்) எடுங்கள். ஸ்பெக் செய்வதும் அதுதான்.

சர்வர் வேலை என்றால் சராசரியே உதவாது. நூறு சர்வர்களைக் கேட்டு ஒரு பதிலைத் தயாரிக்கும் சேவையில், ஒவ்வொரு சர்வரும் நூற்றில் ஒருமுறை மட்டும் தாமதித்தாலும், பயனரின் கோரிக்கைகளில் 63 சதவீதம் தாமதமாகும். 2013-இல் கூகுளின் டீனும் பரோசோவும் காட்டிய கணக்கு இது. அங்கே 99-ஆவது சதமானம்தான் (நூற்றில் 99 கோரிக்கைகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிகின்றன என்பது) அளவுகோல்.

ஏமாற்று வேலைக்கும் இந்தத் துறையில் குறைவில்லை. 2024-இல் ஸ்பெக் அமைப்பு, இன்டெல் கம்பைலரில் ஒரு குறிப்பிட்ட பெஞ்ச்மார்க்கை முன்கூட்டியே அறிந்து அதற்கென்றே செய்யப்பட்ட ஆப்டிமைசேஷன் இருப்பதாகக் கூறி, 2,600-க்கும் மேற்பட்ட முடிவுகளை ஏற்கத்தக்கவை அல்ல என்று குறித்தது. இது வெளிப்படையான வகை. நுட்பமான வகை, ஒப்பிடும் அடிப்படையை மோசமாக வைப்பது. 1991-இல் டேவிட் பெய்லி, பேரலல் (பல ப்ராசஸர்கள் சேர்ந்து இயங்கும்) கணினி முடிவுகளால் ஊரை ஏமாற்றுவது எப்படி என்று பன்னிரண்டு வழிகளைக் கிண்டலாகத் தொகுத்தபோது, மெருகேற்றாத புரோகிராமோடு தங்கள் முடிவை ஒப்பிட்டுக்கொள்வதும் அதில் இருந்தது. 2015-இல் மெக்ஷெர்ரி, ஐசார்ட், மரே மூவரும் ஒரு மடிக்கணினியில் ஒரே த்ரெட்டில் கவனமாக எழுதிய கிராஃப் (புள்ளிகளும் அவற்றின் இணைப்புகளும் கொண்ட வலை) புரோகிராமை ஓட்டினார்கள். 128 கோர்களில் ஓடிய சில பெயர்பெற்ற அமைப்புகளை அது முந்தியது. அந்த அமைப்புகளின் வேக மடங்கு வரைபடங்கள் பார்க்க அழகாகவே இருந்தன. அதனால் நீங்கள் 1 கோரில் அளக்கும்போது, பேரலல் புரோகிராமை ஒரு த்ரெட்டில் ஓட்டிய நேரத்தை எடுக்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்த சிறந்த ஒற்றை த்ரெட் புரோகிராமின் நேரமே அடிப்படையாக இருக்கட்டும்.

உங்கள் கணினிக்கு இப்போது செய்யவேண்டியது. 16 கோரும் ஒரே வகையா என்று முதலில் பாருங்கள். 8 பெரியது, 8 சிறியது என்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. ஒரே வகை என்றால் புரோகிராமை 8 த்ரெட்டில், 8 கோரில் கட்டிப்போட்டு ஓட்டி நேரத்தைக் குறியுங்கள். அடுத்து அதே புரோகிராமின் இரண்டு நகல்களை, ஆளுக்கு 8 கோர் கொடுத்து, ஒரே சமயத்தில் ஓட்டுங்கள். இரண்டும் முன்பு எடுத்த அதே நேரத்தில் முடிந்தால் ப்ராசஸர்மேல் குற்றமில்லை. 16 த்ரெட்டாகும்போது புரோகிராமுக்குள்தான் லாக்கோ, பிரிக்காத பகுதியோ, 64 பைட் சிக்கலோ இருக்கிறது. பெர்ஃபை எடுத்துத் தேடுங்கள். இரண்டும் வெகுவாக மெதுவானால் கோர்கள் எதற்கோ அடித்துக்கொள்கின்றன. அப்போது கிளாக்கைப் பாருங்கள். இறங்கியிருந்தால் மின்வரம்பு அல்லது வெப்பம். இறங்காமலே மெதுவானால் ரேம் பாதை அல்லது பகிர்ந்த கேஷ். அப்படியானால் உங்களிடம் ரேம் ஒரே ஒரு குச்சியாக இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பாருங்கள். 16 கோர் வாங்கிவிட்டு ஒற்றைச் சேனலில் ஓட்டுபவர்கள் நிறையப் பேர்.